பனிப்பொழிவும் உப்புக்காற்றும்: திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றின் பாதுகாப்பு மேலாண்மை முறைமை குறித்த நிகழ்வு ஆய்வு

விமான இருக்கைக்கு அடியில் மடித்துச் செருகப்பட்டிருக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் ஆயுள் கணக்கு உண்டு. உற்பத்தியாளர் வகுத்த கால இடைவெளியில் அது விமானத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒப்புதல் பெற்ற பட்டறையில் பிரித்துச் சோதிக்கப்பட்டு, மீண்டும் மடிக்கப்பட்டு, சிஏ படிவம் 1 என்னும் விடுவிப்புச் சான்றுடன் திரும்பிப் போக வேண்டும். அத்தகைய பட்டறை ஒன்று திருவொற்றியூரில், தேரடி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு பழைய அச்சகக் கட்டடத்தின் முதல் இரண்டு தளங்களில் இயங்கி வந்தது. ஒழுங்குமுறைத் தரப்பின் தணிக்கையாளனாக 2023லும் 2024லுமாக நான் அங்கே மூன்று முறை சென்றேன். பட்டறையின் பெயரும் அங்கிருந்தவர்களின் பெயர்களும் இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை, அவற்றைத் தவிர்த்திருக்கிறேன். தணிக்கையில் நான் செய்த தவறு ஒன்றும் இதில் வருகிறது. அதைத் தவிர்க்கவில்லை.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. வந்திறங்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டும் விரிக்கப்பட்டு, துணியும் ஒட்டுகளும் பட்டைகளும் கண்ணால் பார்க்கப்படுகின்றன. பிறகு உலர்ந்த காற்றை ஊதி, குறிப்பிட்ட அழுத்தத்தில் பல மணி நேரம் தொங்கவிட்டு, அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். சிவப்புக் கைப்பிடியை இழுத்ததும் ஜாக்கெட்டை நிரப்பும் சிறிய கரியமில வாயு உருளை தனியே கழற்றி எடைபோடப்படுகிறது. உருளையின் உடம்பில் பொறித்திருக்கும் எடையைவிட வரம்புக்கு மேல் குறைந்திருந்தால் வாயு கசிந்துவிட்டது என்று பொருள், உருளை கழிக்கப்படும். தோளருகே இருக்கும் விளக்குக்கு உயிர் கொடுப்பது தண்ணீர் பட்டால் வேலை செய்யத் தொடங்கும் மின்கலம். தண்ணீருக்காகவே காத்திருக்கும் அந்த மின்கலத்துக்கு ஈரக்காற்றே பகை. அடைப்பான் சரியாக இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மக்னீசியத் தகடு வெண்மையாகப் பூத்துக் கெட்டுவிடும். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே, இரும்புச் சன்னல் கம்பி மூன்றே ஆண்டில் செதில் செதிலாக உதிரும் ஊரில் இந்த வேலை நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

பாதுகாப்பு மேலாண்மை முறைமை, தொழிலில் இருப்பவர்கள் வாயில் எஸ்எம்எஸ், இந்தப் பட்டறைக்கு எப்படி வந்தது என்பது நெடிய கதையல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே 19ஆம் இணைப்பை உருவாக்கி, 2013 நவம்பர் 14 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் அதற்கு முன்பே, 2010இல், சிவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் இந்திய அரசு அமைப்பான டிஜிசிஏ, சிவில் விமானத் தேவைகள் என்னும் தன் விதித்தொகுப்பின் முதல் பிரிவில் சி வரிசையின் முதல் பகுதியாக இதைக் கொண்டுவந்திருந்தது. பாதுகாப்புக் கொள்கை, இடர் மேலாண்மை, பாதுகாப்பு உறுதிப்பாடு, பாதுகாப்பு ஊக்குவிப்பு என நான்கு கூறுகளும் அவற்றுக்குள் பன்னிரண்டு உட்கூறுகளும் கொண்ட சட்டகம் அது. விமான நிறுவனத்துக்கும் விமான நிலையத்துக்கும் மட்டுமன்றி, ஒப்புதல் பெற்ற பராமரிப்புப் பட்டறைகளுக்கும் அது பொருந்தும்.

சட்டகத்தைவிட, அது தணிக்கையாளரின் வேலையை மாற்றிய விதமே இங்கு முக்கியம். முன்பெல்லாம் விதியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையைப் பார்ப்போம். விதிப்படி இருந்தால் சரி, இல்லாவிட்டால் குறை. எஸ்எம்எஸ் வந்த பிறகு கேள்வியே வேறாகிவிட்டது. தன் வேலையில் எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதைப் பட்டறை தானே கண்டுபிடிக்கிறதா, கண்டதை என்ன செய்கிறது, செய்தது பலித்ததா என்று பார்க்க வேண்டியவர் ஆனார் தணிக்கையாளர். விதிநூலில் இல்லாத ஆபத்தைப் பட்டறை கண்டுபிடிக்கிறதா என்பதை விதிநூலை வைத்துக்கொண்டு எப்படிச் சோதிப்பது? இந்தச் சிக்கலுக்கு எங்கள் தரப்பில் பலரும் தேடிக்கொண்ட எளிய விடை, எஸ்எம்எஸ் கையேட்டைச் சோதிப்பது. கையேட்டைப் பிடித்துப் பார்க்கலாம், பக்கம் எண்ணலாம், கையொப்பம் இருக்கிறதா என்று தேடலாம்.

முதல் வருகை

2023 ஆடி மாதத்தில் முதல் முறை சென்றபோது, பட்டறையின் பொறுப்பேற்கும் மேலாளர் கையேட்டை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். நூற்று நாற்பது பக்கம், சுருள் கம்பி போட்டது, நல்ல தாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டமிட்ட பாதுகாப்புக் கொள்கை, வடிவுடையம்மன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அம்மன் படத்துக்கு மட்டும் அன்றாடம் பூ மாறிக்கொண்டிருந்தது.

ஆபத்துப் பதிவேட்டைத் திறந்தேன். மூன்றாவது வரியில் 'ஓடுபாதையில் பனிப்பொழிவு' என்று இருந்தது. அதற்கு நிகழ்வாய்ப்பு, கடுமை, தணிப்பு நடவடிக்கை, பொறுப்பாளர் எல்லாம் முறையாக நிரப்பியிருந்தார்கள். ஏழாவது வரியில் விமானியின் களைப்பு. லைஃப் ஜாக்கெட் மடிக்கும் பட்டறையில் விமானியும் இல்லை, ஓடுபாதையும் இல்லை. திருவொற்றியூரில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் கோலம் போடுகிறவர்கள் முக்காடிட்டுக்கொள்ளும் அளவுதான். ஆலோசகர் ஒருவரிடம் விலைக்கு வாங்கிய கையேடு என்பதை மேலாளர் மறைக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான் சார் வாங்குறாங்க" என்றார். அது உண்மை என்பதும் எனக்குத் தெரியும்.

அதே பதிவேட்டில் இன்னொரு வரி, பனியைப் போலச் சிரித்துவிட்டுக் கடக்க முடியாதது. 'ஜாக்கெட் காற்று நிரம்பாமல் போதல்' என்ற ஆபத்துக்கு நிகழ்வாய்ப்பு 1, கடுமை டி என்று போட்டு, 'ஏற்கத்தக்கது' என்று பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். ஐகாவோ வெளியிட்ட பாதுகாப்பு மேலாண்மைக் கையேட்டின் இடர் அட்டவணையில் நிகழ்வாய்ப்பு 5 முதல் 1 வரை இறங்கும். கடுமை ஏ முதல் இ வரை தணியும். விமானம் தண்ணீரில் இறங்குவது மிக அரிது, ஆகவே 1 என்பது ஆலோசகரின் கணக்கு. 2009 ஜனவரி 15ஆம் தேதி நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஏர்பஸ் ஏ320 இறங்கி 155 பேரும் பிழைத்ததை உலகமே இன்றுவரை பேசுகிறது என்றால், அது அவ்வளவு அரிது என்பதால்தானே என்று வாதிடலாம்.

ஆனால் விமானம் தண்ணீரில் இறங்குவதன் நிகழ்வாய்ப்பு இந்தப் பட்டறைக்குச் சொந்தமான எண் அல்ல. அதை இஞ்சினும் வானிலையும் விமானியும் தீர்மானிக்கிறார்கள். பட்டறையின் கையில் இருப்பது ஒன்றுதான்: பழுதுள்ள ஜாக்கெட் ஒன்று சோதனைகளைத் தாண்டிச் சான்றுடன் வெளியே போகும் வாய்ப்பு. வேறொருவர் கட்டிக்காக்கும் அரிய வாய்ப்பைக் கடன் வாங்கித் தன் வேலையின் இடரைக் குறைத்துக் காட்டினால், அந்தப் பட்டறையில் எது நடந்தாலும் பதிவேடு பச்சையாகவே இருக்கும். அது நடந்துவிட்டால் விளைவு உயிரிழப்பு என்பதால், கடுமை டி ஆகவும் இருக்க முடியாது. நிகழ்வாய்ப்பு மிகக் குறைந்த 1ஏ கூட ஐகாவோ அட்டவணையில் பச்சைக் கட்டத்தில் இல்லை, தணிப்பு நடவடிக்கையுடன் பொறுத்துக்கொள்ளும் கட்டத்தில்தான் இருக்கிறது. இதை மேலாளரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். இரண்டு நாள் தணிக்கையில் உருப்படியாகச் செலவான நேரம் அது என்று இப்போது தோன்றுகிறது.

பல நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு கூறும் இருக்கிறதா, அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா, நடைமுறையில் இயங்குகிறதா, பலன் தருகிறதா என்று நான்கு படிகளில் அது பார்க்கும். அதன்படி இந்தப் பட்டறை பன்னிரண்டு உட்கூறுகளிலும் 'இருக்கிறது' என்ற படியைத் தாண்டியிருந்தது. 'பொருந்துகிறது' என்ற படியில் பெரும்பாலானவை தடுக்கி விழுந்தன.

அடுத்து நான் எழுதிய குறையில்தான் தவறு நேர்ந்தது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் பணியாளர்களிடமிருந்து ஆபத்து அறிக்கை ஒன்றுகூட வரவில்லை. ஒரு பட்டறையில் ஓராண்டில் ஒரு கோளாறும் கண்ணில் படவில்லை என்றால், கண்டவர் சொல்லவில்லை அல்லது சொல்ல வழியில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அதுவரை என் கணிப்பு சரி. ஆனால் தாளில் நான் எழுதியது, 'ஆபத்து அறிக்கைகள் பெறப்படவில்லை. அறிக்கையிடல் முறை இயங்குவதற்கான சான்று தேவை' என்று. ஏன் வரவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு, வந்ததற்குச் சான்று கேட்டேன்.

நாற்பத்தொரு அறிக்கைகளும் ஒரு நோட்டும்

ஐப்பசியில் மறுபடி சென்றபோது சான்று தயாராக இருந்தது. நாற்பத்தொரு அறிக்கைகள், ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில், எண் வாரியாகக் கோப்பிலிடப்பட்டிருந்தன. 'தரையில் ஈரம், துடைக்கப்பட்டது.' 'ஒயர் தொங்குகிறது, கட்டப்பட்டது.' 'தரையில் ஈரம், துடைக்கப்பட்டது.' வரவேற்பறையில் இருந்த பெண் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியவை என்று பின்னர் தெரிந்தது. நான் கேட்டேன், கொடுத்தார்கள். ஒழுங்குமுறைத் தரப்பு எதை எண்ணுகிறதோ அது பெருகும். அறிக்கைகளை எண்ணினால் அறிக்கைகள்தான் பெருகும்.

அந்தக் கோப்பை மூடிவிட்டு மாடிக்குப் போனேன். அழுத்தச் சோதனைக் கூடத்தில் மஞ்சள் ஜாக்கெட்டுகள் கயிற்றில் வரிசையாக, ஊதிய வயிற்றுடன் தொங்கிக்கொண்டிருந்தன. போர்மேன் காலடிப்பேட்டைக்காரர், முப்பது ஆண்டு அனுபவம். ஒரு தொகுதி விளக்குகள் ஏன் இரண்டு முறை சோதிக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டேன். அவர் கணினியைத் திறக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நீளவாக்கில் திறக்கும் பழுப்பு அட்டை நோட்டு ஒன்றை எடுத்தார். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அந்த நோட்டு. பென்சிலில், தேதிக்குப் பக்கத்தில் கிழமையின் முதலெழுத்தும் போட்டு எழுதியிருந்தார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்: 'வி. லைட் 3 உள்ளே வெள்ளை பூத்திருக்கு. வடக்கு ஜன்னல் பீரோ.' சில பக்கங்கள் தள்ளி: 'தி. லைட் 2. அதே பீரோ.' இன்னும் கொஞ்சம் தள்ளி: 'தெற்கு பீரோவில் ஒண்ணும் இல்லை.'

"எதுக்கு சார் ஃபாரம்? எழுதிப் போட்டா, யார் தப்புன்னு கேப்பாங்க. இது எனக்கு ஞாபகத்துக்கு" என்றார்.

பதிவேட்டில் இல்லாத ஆபத்தை, நாளும் இடமும் சேர்த்துப் பதிந்து, இரண்டு பீரோக்களை ஒப்பிட்டு, காரணத்தை நெருங்கியிருந்தார் அவர். வடக்குச் சன்னல் வழியாக வரும் உப்புக்காற்று, சோதனை முடிந்து மடிப்புக்குக் காத்திருக்கும் விளக்குகளைக் கெடுக்கிறது. ஐகாவோ கையேடு இடர் மேலாண்மை என்று எதைச் சொல்கிறதோ அதன் முதல் பாதி அந்த மளிகை நோட்டில் முழுமையாக இருந்தது. கீழே மேலாளரின் மேசையில் இருந்த நூற்று நாற்பது பக்கக் கையேட்டுக்கு அது தெரியாது, மேலாளருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் ஆய்வை முடித்துக்கொண்டால், ஏட்டுச் சுரைக்காயைப் பழித்து அனுபவசாலியைப் போற்றும் கதையாகிவிடும். அவர் கண்டுபிடித்த தீர்வையும் பார்க்க வேண்டும். ஈரத்தைப் போக்க, அந்தப் பீரோவுக்குள் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார். ஆர்மோனியத்தையும் பட்டுப் புடவையையும் காப்பதற்கு நம் வீடுகளில் செய்வதுதான். விளக்குகளைப் பொறுத்தவரை அது பலித்தும் இருந்தது. ஆனால் பல்புக்கு நேர் கீழே, அடித்தட்டில், கழற்றி வைத்த கரியமில வாயு உருளைகள் அடுக்கியிருந்தன. கரியமில வாயுவுக்கு 31 டிகிரி செல்சியஸ் ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே உருளைக்குள் திரவமும் வாயுவுமாகப் பிரிந்திருக்கும்; அதைத் தாண்டினால் அந்தப் பிரிவு மறைந்து, சூடு ஏற ஏற அழுத்தம் விரைவாக உயரும். சென்னை வெயிலே அந்தக் கோட்டை அன்றாடம் தாண்டுகிறது. உருளைகள் அதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டவை. மூடிய பீரோவுக்குள் அணையாத பல்பு சேர்ந்தால் எவ்வளவு ஏறும் என்பதை யாரும் அளக்கவில்லை. பீரோவின் கதவைத் திறந்து உள்தட்டில் கையை வைத்தேன். நீண்ட நேரம் வைத்திருக்க முடியவில்லை.

ஓர் ஆபத்தைத் தணிக்கச் செய்த மாற்றம் இன்னோர் ஆபத்தைக் கொண்டுவருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் எஸ்எம்எஸ்ஸில் 'மாற்ற மேலாண்மை' என்ற உட்கூறு இருக்கிறது. போர்மேனின் தீர்வு அவருடைய இழுப்பறைக்குள்ளேயே இருந்ததால், உருளைகளை அறிந்த இன்னொருவரின் கண் அதன்மேல் படவில்லை. உருளைகளைக் கையாண்டவர் பக்கத்து மேசைக்காரர். அவருக்குப் பல்பு எதற்கென்று தெரியாது, ஏதோ பூச்சிக்கு என்று நினைத்திருந்தார்.

பட்டறைக் கையொப்பமும் மயாமி விபத்தும்

பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் நினைவுக்கு வந்தது 1996 மே 11. அன்று மயாமியிலிருந்து புறப்பட்ட வேல்யூஜெட் 592 விமானம் சில நிமிடங்களில் சதுப்பு நிலத்தில் விழுந்து, அதில் இருந்த 110 பேரும் இறந்தார்கள். வேறு விமானங்களிலிருந்து கழற்றப்பட்ட ஆக்சிஜன் உருவாக்கிகள் சரக்கறையில் இருந்தன. அவை வேதிவினையால் ஆக்சிஜன் தருபவை. தூண்டப்பட்டால் கடுமையாகச் சூடேறும். அதனால் கழற்றியதும் பாதுகாப்பு மூடி போட்டாக வேண்டும். ஒப்பந்தப் பராமரிப்பு நிறுவனத்தில் மூடிகள் போடப்படவில்லை. ஆனால் மூடி போட்டாகிவிட்டது என்று வேலை அட்டையில் கையொப்பம் இருந்தது. பெட்டிகள் காலி உருளைகள் என்ற குறிப்புடன் விமானம் ஏறின.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவில் ஒப்பந்த நிறுவனத்தோடு நிற்கவில்லை. ஒப்பந்தப் பணியைக் கண்காணிக்கத் தவறிய விமான நிறுவனத்தையும், அத்தகைய சரக்கறைகளில் புகையறியும் கருவியும் தீயணைப்பு அமைப்பும் வேண்டும் என்று விதிக்கத் தவறிய ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவையும் காரணங்களில் சேர்த்தது. விமான நிறுவனத்தின் பராமரிப்பை எஃப்ஏஏ போதிய அளவு கண்காணிக்காததும் துணைக் காரணமாக எழுதப்பட்டது. ஒரு சிறு பட்டறையில் விழும் கையொப்பம் எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கும், அதைத் தாளில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒழுங்குமுறைத் தரப்புக்கும் அதில் பங்கு உண்டு என்பதற்கும் இதைவிடத் தெளிவான பதிவு எனக்குத் தெரியாது. அங்கே இருந்ததைப் போன்ற உருவாக்கிகள் இங்கே இல்லை. சாதாரண கரியமில வாயுதான். ஒப்பீடு பொருளைப் பற்றியது அல்ல, கையொப்பத்தைப் பற்றியது.

அன்று மாலையே பல்பு அணைக்கப்பட்டு, உருளைகள் தனி அறைக்கு மாற்றப்பட்டன. ஐப்பசி அறிக்கையில் நாற்பத்தொரு தாள்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முந்தைய குறையை நானே திருத்தி, 'பணித்தளத்தில் கண்டறியப்படும் கோளாறுகள் மேலாளரின் முடிவுக்கு வந்து சேரும் வழி இல்லை' என்று மாற்றினேன். நோட்டைப் பறிமுதல் செய்யவோ நகலெடுத்துக் கோப்பில் சேர்க்கவோ இல்லை. அப்படிச் செய்திருந்தால் அடுத்த நாளே அந்த நோட்டு வேறொரு இழுப்பறைக்குப் போயிருக்கும். 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 19ஆம் இணைப்பின் முதல் திருத்தம், பாதுகாப்புக்காகத் திரட்டப்படும் தகவலைத் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை வலுப்படுத்தியிருக்கிறது. சட்டத்தில் அது பெரிய நிறுவனங்களின் தகவல் தொகுப்புகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருக்கலாம். பென்சிலில் எழுதிய மளிகை நோட்டுக்கும் அது பொருந்தும் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மிக்ஜாம்

2023 டிசம்பர் 3, 4ஆம் தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப்போட்டது. மீனம்பாக்கம் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமானங்கள் நிறுத்தப்பட்டன. வடசென்னையில் எர்ணாவூர், சடையங்குப்பம் பக்கம் எண்ணெய் மிதந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. பட்டறையின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். 2015 வெள்ளத்தைப் பார்த்திருந்த போர்மேன், 3ஆம் தேதி மதியமே ஆட்களை வைத்து ஜாக்கெட்டுகளையும் கருவிகளையும் மாடிக்கு ஏற்றிவிட்டார். இதுவும் எந்தக் கையேட்டிலும் இல்லை. பொருள் எதுவும் நனையவில்லை.

ஏற்றியவற்றில் ஒன்று, உருளைகளை எடைபோடும் மின்னணுத் தராசு. வெள்ளம் வடிந்து வேலை தொடங்கியபோது அது மாடியிலேயே, ஒரு மரப்பலகைமேல் வைக்கப்பட்டது. இடம் மாறிய தராசைச் சோதனை எடைக்கற்களால் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது என்பது கருவியின் விதி. மாடியில் அன்று மின்சாரம் விட்டுவிட்டு வந்தது, விமான நிறுவனம் ஜாக்கெட்டுக்கு அவசரப்படுத்தியது, எடைக்கல் பெட்டி தரைத்தளத்தில் சேற்றோடு கிடந்த சாமான்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஆறு நாட்கள் சரிபார்ப்பின்றி எடைபோட்டார்கள். எடைபோட்ட உருளைகள் ஜாக்கெட்டுகளில் பூட்டப்பட்டு, சான்றுடன் வெளியே போயின.

ஏழாம் நாள் எடைக்கல் பெட்டி கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் பெண், காலையில் கல்லை வைத்துப் பார்த்தபோது தராசு உண்மை எடையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டியது. ஒரு கிராமுக்கும் குறைவான வேறுபாடுதான். ஆனால் கூடக் காட்டும் தராசு எந்தப் பக்கம் ஏமாற்றும் என்பதை அவர் யோசித்திருக்கிறார்: வாயு கசிந்து எடை குறைந்த உருளையை அது நிறைந்த உருளையாகக் காட்டும். குறைத்துக் காட்டியிருந்தால் நல்ல உருளைகள் சில வீணாகியிருக்கும், அவ்வளவே. அவர் போர்மேனிடம் சொன்னார். போர்மேன் இந்த முறை நோட்டில் எழுதிவிட்டு இழுப்பறையில் போடவில்லை. ஐப்பசித் தணிக்கைக்குப் பிறகு பழகிய வழக்கப்படி நோட்டையே தூக்கிக்கொண்டு கீழே மேலாளரிடம் போனார். மேலாளர் ஒரு மணி நேரத்துக்குள் விமான நிறுவனத்தின் தரப் பிரிவை அழைத்து, அந்த ஆறு நாட்களில் அனுப்பிய ஜாக்கெட்டுகளின் வரிசை எண்களைக் கொடுத்துத் திரும்ப அனுப்பச் சொன்னார். மறுநாள் எனக்கும் எழுத்தில் தெரிவித்தார்.

திரும்பி வந்தவற்றை மறுபடி எடைபோட்டபோது ஒன்றுகூட வரம்புக்குக் கீழே இல்லை. அதற்காக அந்த முடிவு தேவையற்றதாகிவிடாது. ஜாக்கெட்டுகளைத் திருப்பி எடுத்ததால் பட்டறைக்கு நட்டம், அதைவிட வாடிக்கையாளரிடம் பெயர்க்கேடு. அதை அறிந்தே அவர்கள் செய்தார்கள்.

என் மேசைக்கு வந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. சரிபார்க்காத கருவியைப் பயன்படுத்தி விடுவிப்புச் சான்று கொடுத்தது விதிமீறல். அதன்மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம். அல்லது தாமே கண்டு, தாமே அறிவித்து, தாமே திருத்திய நிகழ்வாகக் கொண்டு, திருத்தத்தை மட்டும் உறுதிசெய்துகொண்டு மூடலாம். வேண்டுமென்றே செய்தார்களா என்பதும், மறைக்க முயன்றார்களா என்பதும்தான் பிரித்தறியும் கேள்விகள். இரண்டுக்குமே 'இல்லை' என்பதுதான் விடை என்பதால் இரண்டாம் வழியைத் தேர்ந்தேன். சக அலுவலர் ஒருவர் இதை ஏற்கவில்லை. விட்டுக்கொடுத்தால் நாளை எல்லாரும் ஆறு நாள் தராசைச் சோதிக்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதிலும் பொருள் உண்டு. கருவி இடம் மாறினால் சரிபார்க்கும் வரை அதில் சிவப்பு அட்டை மாட்டி வைக்க வேண்டும் என்ற நடைமுறையை எழுதி, பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகே மூடினேன்.

நான்கு படிகளின் கடைசிப் படியான 'பலன் தருகிறது' என்பதை அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டும் கொடுத்தேன். பன்னிரண்டு உட்கூறுகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு எடுத்த சராசரியைவிட, ஒரு சிறு கோளாறு கண்டவரின் கையிலிருந்து புறப்பட்டு, முடிவெடுப்பவரிடம் சேர்ந்து, செயலாகத் திரும்பி வந்த பாதையைத் தடம்பிடித்துப் பார்ப்பது அந்தப் பட்டறையைப் பற்றி அதிகம் சொன்னது. அந்தப் பாதை முதல் வருகையின்போது இல்லை. மூன்றாம் வருகையின்போது இருந்தது, அதுவும் கையேட்டில் எழுதப்படாமல்.

பெரிய நிறுவனங்களில் இது வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்க இடமில்லை. போயிங்கின் பாதுகாப்புப் பண்பாட்டை ஆராய அமெரிக்கச் சட்டப்படி எஃப்ஏஏ அமைத்த வல்லுநர் குழு 2024 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. மூத்த நிர்வாகத்துக்கும் மற்ற பணியாளர்களுக்கும் இடையே பாதுகாப்புப் பண்பாட்டில் தொடர்பறுந்து கிடப்பதையும், பாதுகாப்பு நடைமுறைகளும் பயிற்சியும் சிக்கலாகவும் மாறிக்கொண்டேயும் இருப்பதால் பணியாளர்கள் குழம்புவதையும் அது குறிப்பிட்டது. அங்கே நூற்று நாற்பது பக்கம் பல ஆயிரம் பக்கமாக இருந்திருக்கும். இழுப்பறைகளும் அதற்கேற்ப அதிகம்.

மூன்றாம் வருகையின்போது எஞ்சிய நிலை

2024 மாசியில் கடைசியாகச் சென்றபோது கையேடு அறுபது பக்கமாகச் சுருங்கியிருந்தது. பனிப்பொழிவு வரி நீக்கப்பட்டு, அதன் இடத்தில் 'வடக்குச் சன்னல் வழி ஈரக்காற்று' என்று எழுதியிருந்தார்கள். ஜாக்கெட் நிரம்பாமை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது. ஆபத்து அறிக்கைப் படிவத்தில் 'யார் தவறு' என்று பொருள்படும் கட்டத்தை எடுத்துவிட்டு, 'எந்த இடத்தில், எப்போது' என்ற இரண்டு கட்டங்களை மட்டும் வைத்திருந்தார்கள். அந்த மாதம் வந்திருந்த அறிக்கைகள் ஐந்து. ஐந்தும் வெவ்வேறு கையெழுத்து. போர்மேனின் நோட்டு நீடித்தது. அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் உட்கார்ந்து அதைப் புரட்டி, தேவையானவற்றைப் பதிவேட்டுக்கு ஏற்றுவதாக ஏற்பாடு.

நான் எழுதிய மூன்று குறைகளில் இரண்டு மூடப்பட்டன. மூன்றாவது, விளக்குகளை வைக்கும் அறையின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைப்பது. ஈரமுறிஞ்சும் இயந்திரம் வந்து ஓடிக்கொண்டிருந்தது. ஈரமானியில் நாளுக்கு இரண்டு முறை அளவெடுத்துச் சுவரில் ஒட்டிய தாளில் குறித்திருந்தார்கள். ஆனால் வடக்குச் சன்னலின் மரச்சட்டம் உளுத்துப்போய், எவ்வளவு இறுக்கி மூடினாலும் விரலளவு சந்து இருந்தது. சன்னலை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்கக் கட்டட உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அவர் மகனிடம் போய்விட்டு வைகாசியில்தான் ஊர் திரும்புவார் என்றார்கள். அதுவரை அந்தச் சந்தில் ரப்பர் பட்டை ஒட்டி, விளக்குப் பீரோவைத் தெற்குச் சுவருக்கு நகர்த்தி வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, குறையைத் திறந்தே வைத்துவிட்டு மெட்ரோ ஏறினேன்.